ஆங்கிலப் பாடம்: 'ஹேவ்' எங்கே வரும், எங்கே வராது?

நமது தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பில் வேலை செய்கிறார்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளுக்குள் நுழைந்தால் ஹட்டன், பதுளைப் பக்கத்துப் பேச்சு காதில் விழும். கடை வேலையை விட்டு இன்னும் நல்ல வேலைக்கு மனுப் போடும்போதுதான் ஆங்கிலம் காலை வாருகிறது.

ஒரு தம்பி துணிக்கடையில் 3 வருஷமாக நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனுவில் 'ஐ வேர்க்ட் இன் எ டெக்ஸ்டைல் ஷொப் ஃபோர் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுகிறார். வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? "வேலையை விட்டுட்டாரே, ஏன் விட்டார்?" என்றுதான். 'ஐ ஹேவ் வேர்க்ட்' என்று ஒரு சொல்லைக் கூட்டினால், இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறார் என்று விளங்கும்.

தமிழில் நாம் "3 வருஷமா வேலை செய்யிறேன்" என்கிறோம். 'வருஷமா' என்ற சொல்லே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. அதை அப்படியே மாற்றி 'ஐ ஆம் வேர்க்கிங் ஃபோர் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுவோரும் உண்டு. அதுவும் பிழை. அன்று தொடங்கி இன்றுவரை நீளும் காரியத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' வேண்டும். இதைத்தான் பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்கிறார்கள்.

இன்னொரு உதாரணம். கொட்டாஞ்சேனையில் தங்கியிருக்கும் தங்கச்சியின் அடையாள அட்டை தொலைந்துவிட்டது. வேலைத்தலத்துக்கு ஆங்கிலத்தில் அறிவிக்க வேண்டும். (பொலிஸ் முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம், அது நமது உரிமை.) முதல் வசனம், 'ஐ ஹேவ் லொஸ்ட் மை ஐடென்டிட்டி கார்ட்.' அட்டை இன்னும் கிடைக்கவில்லை, அதனால் 'ஹேவ்'. அடுத்த வசனம், 'ஐ லொஸ்ட் இட் யெஸ்டடே.' நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டோம், அந்த நாள் முடிந்துவிட்டது, அதனால் 'ஹேவ்' கிடையாது. இது சிம்பிள் பாஸ்ட். நேற்று, போன மாசம், 2015இல் என்று முடிந்துபோன காலம் வந்தால் 'ஹேவ்'வைத் தொடவே வேண்டாம். அமெரிக்கப் படங்களில் 'ஹேவ்' வர வேண்டிய சில இடங்களிலும் அதை விட்டுப் பேசுவார்கள். நமது பரீட்சைக்கு அந்தப் பழக்கம் உதவாது.

இது வெறும் பரீட்சை விஷயமா? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நமது மக்களில் நாடற்றவர்களாக இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வருபவர் என்பது அதன் நிபந்தனை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்பது 'ஹேஸ் பீன்', 'சின்ஸ்' என்ற சொற்கள். 'வோஸ்' என்றிருந்தால் ஒரு காலத்தில் இருந்தார் என்பதோடு முடிந்திருக்கும். 'ஹேஸ் பீன்' என்றால் அன்று முதல் இன்றுவரை சங்கிலி அறாமல் இருக்க வேண்டும். யுத்தத்தால் இந்தியாவுக்கு அகதிகளாகப் போனவர்களுக்கு அந்தச் சங்கிலி இடையில் அறுந்துவிட்டது. அவர்களுக்காக 2009இல் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது.

இப்போது நீங்கள் எழுதிப் பாருங்கள். "அப்பா 2015இல் வேலையை விட்டார். அம்மா 20 வருஷமாகக் கொழுந்து எடுக்கிறார்." அப்பாவுக்கு 'லெஃப்ட்' போதும். அம்மாவுக்கு 'ஹேஸ் ப்ளக்ட்' என்று போடுங்கள். 'ப்ளக்ட்' என்று மட்டும் எழுதினால், நாளைக்கும் மலைக்குப் போகிற அம்மாவுக்கு நீங்களே ஓய்வு கொடுத்துவிடுவீர்கள்.