ஜெர்சி தைக்கக் கொடுக்கும் முன்

கேள்வி: பொங்கல் போட்டிக்கு எங்கள் கிரிக்கெட் அணிக்கு 15 ஜெர்சி வேண்டும். திருப்பூரில் கொடுக்கலாமா? காட்டன் நல்லதா?
– வாசகர், சேலையூர்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் தீபாவளி முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள். காட்டன் வேண்டாம். ஜெர்சியில் பெயர், எண் போடும் சப்ளிமேஷன் அச்சு பாலியஸ்டரில்தான் பிடிக்கும்; சூட்டில் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே இறங்குவதால் எத்தனை முறை துவைத்தாலும் உரியாது. நம் புழுக்கத்துக்குச் சிறுதுளைகள் உள்ள, 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) அளவிலான துணி போதும்.

அளவை மட்டும் வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். 'எல்' என்பது கடைக்குக் கடை மாறும். மாதிரிச் சட்டைகளை வாங்கி மைதானத்திலேயே போட்டுப் பாருங்கள்; பந்து வீசுகிறவர் கையைச் சுழற்றும்போது அக்குள் பிடிக்கக் கூடாது. பெயர், எண் பட்டியலில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அச்சான பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த வழியில்லை. பெயரில்லாத சட்டை இரண்டு கூடுதலாக எடுத்து வையுங்கள், கடைசி நேரத்தில் சேருகிற தம்பிகளுக்கு உதவும்.