பத்தின் அடுக்குகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினால் எத்தனை மணிகள் வேண்டியிருக்கும் என்ற விசித்திரமான வினாவை எழுப்பிக்கொண்டு, சிரக்கூஸ் நகரத்து அரசனாகிய கெலோனுக்கு அதன் விடையை ஒரு நூலாகவே எழுதி அளித்த ஆர்க்கிமிடீஸ், பூஜ்யமும் இடமதிப்பும் இல்லாத கிரேக்க எண்முறையை வைத்துக்கொண்டே, பத்துக் கோடியை ஓர் அலகாக அமைத்துப் படிப்படியாக மேலேறி, இக்காலத்தில் நாம் 10⁶³ என்று எழுதும் எண்ணை அம்மணற்றொகை எட்டாது என நிலைநாட்டினார். அவர் ஒரு நூல் எழுதி முடித்த காரியத்தை, ஒன்றுக்குக் குறையாமலும் பத்தை எட்டாமலும் உள்ள ஒரு முன்னெண்ணைப் பத்தின் ஓர் அடுக்கால் பெருக்கி எழுதும் விஞ்ஞானக் குறியீடு இன்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது; ஆயினும் சுருக்கமாக எழுதப்படுவதெல்லாம் செவ்வையாக விளங்கிக்கொள்ளப்படுவதில்லை என்பதற்கு, அக்குறியீட்டைப் பற்றி வழங்கிவரும் கீழ்க்காணும் நம்பிக்கைகளே போதிய சான்று.

நம்பிக்கை: முன்னெண் பெரிதானால் எண்ணும் பெரிது.

உண்மை: பூமியின் நிறை 5.972 × 10²⁴ கிலோகிராம். வியாழனின் நிறை 1.898 × 10²⁷ கிலோகிராம். முன்னெண்ணை மட்டும் நோக்குவோர் பூமியே பெரிதென்று தீர்ப்புக் கூறிவிடக்கூடும். ஆனால் அடுக்கில் மூன்று மிகுந்திருப்பதால், வியாழன் பூமியைப் போல ஏறத்தாழ 318 மடங்கு நிறையுடையது. ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது அடுக்கு. அடுக்குகள் சமமாக இருந்தால் மட்டுமே முன்னெண்கள் வழக்கைத் தீர்க்கும்.

நம்பிக்கை: அடுக்கு என்பது பூஜ்யங்களின் எண்ணிக்கை.

உண்மை: பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சராசரித் தூரமாகிய 1.496 × 10⁸ கிலோமீட்டரை விரித்தெழுதினால் 14,96,00,000 என வரும். அதில் பூஜ்யங்கள் ஐந்தே. அடுக்கு கணக்கிடுவது தசமப் புள்ளி எத்தனை இடம் நகர வேண்டும் என்பதையே. முன்னெண் ஒற்றை இலக்க முழு எண்ணாக இருக்கும்போதுதான் இரண்டும் ஒன்றுபடும்.

நம்பிக்கை: அடுக்கில் கழித்தல் குறி இருந்தால் அது குறை எண்.

உண்மை: புரோட்டானின் நிறை 1.673 × 10⁻²⁷ கிலோகிராம், எலக்ட்ரானின் நிறை 9.109 × 10⁻³¹ கிலோகிராம். இரண்டும் மிக நுண்ணியவையேயன்றிப் பூஜ்யத்திற்குக் கீழ்ப்பட்டவை அல்ல. அடுக்கிலுள்ள கழித்தல் குறி பத்தால் திரும்பத் திரும்ப வகுக்கச் சொல்லும் கட்டளை மாத்திரமே. இங்கே 31 என்ற எண்ணையும் 9 என்ற முன்னெண்ணையும் கண்டு மயங்கி எலக்ட்ரானைப் பெரிதென்று கொள்வார் உளர். −27 என்பது −31ஐவிடப் பெரிதாகலின், புரோட்டானே ஏறக்குறைய 1836 மடங்கு கனமானது.

நம்பிக்கை: 10²⁴, 10³⁰ ஆகியவற்றிடையே வித்தியாசம் ஆறுதான்.

உண்மை: ஆறு என்பது அடுக்குகளின் வித்தியாசம், எண்களின் விகிதமோ பத்து லட்சம். சூரியனின் நிறையாகிய 1.989 × 10³⁰ கிலோகிராமைப் பூமியின் நிறையால் வகுக்கும்போது, அடுக்குகளைக் கழித்து 10⁶ என்று பெற்றதோடு நின்றுவிடாமல், முன்னெண்களையும் வகுத்து 0.333 என்று கண்டு, இரண்டையும் சேர்த்து 3.33 × 10⁵ என முறைப்படி திருத்தி எழுத வேண்டும். அதாவது சூரியன் பூமியைப் போல 3,33,000 மடங்கு.

நம்பிக்கை: இம்முறை இடத்தை மிச்சப்படுத்தும் உபாயமே, வேறு பயன் இல்லை.

உண்மை: அளவின் பருமனை அடுக்கு உணர்த்துவது போல, அளந்ததன் நுட்பத்தை முன்னெண்ணின் இலக்கங்கள் உணர்த்துகின்றன. 1500 மீட்டர் என்று எழுதினால், கடைசிப் பூஜ்யங்கள் அளந்து அறிந்தவையா, இடம் நிரப்ப வந்தவையா என்ற சந்தேகம் தீராது, 1.5 × 10³ என்றால் நூறு மீட்டர் அளவுக்கும், 1.500 × 10³ என்றால் ஒரு மீட்டர் அளவுக்கும் அளந்தது வெளிப்படை. ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று 1983இல் வரையறுக்கப்பட்டது. அதை மூன்று இலக்கத் துல்லியத்தில் 3.00 × 10⁸ என்று எழுதுதல் முறையே, ஆனால் 3.000 × 10⁸ என்று எழுதினால் அது பிழை, ஏனெனில் நான்கு இலக்கங்களில் சரியான மதிப்பு 2.998 × 10⁸. அவ்வாறே, இரண்டு இலக்கங்கள் மட்டுமே உறுதியாக அளக்கப்பட்ட நீளத்தை ஏழால் வகுத்து, கணிப்பான் காட்டும் பத்து இலக்கங்களையும் விடையாகப் பெயர்த்தெழுதும் மாணவன், கணக்கில் தவறவில்லையாயினும், தான் அளக்காததை அளந்ததாகச் சாட்சி சொல்கிறான்.