இறங்கிய விமானம் ஏன் நகராமல் நின்றது?

கேள்வி: ஐயா, காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறேன். மார்கழி, தை விடியற்காலையில் எங்கள் அனல்மின் நிலையப் பக்கம் பனியும் புகையும் கூடிவிட்டால், முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்துத்தான் ஓட்டுவோம். சென்ற குளிர்காலத்தில் வடக்கே ஒரு நகரத்துக்கு விமானத்தில் போனேன். ஜன்னலில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் விமானம் அலுங்காமல் இறங்கிவிட்டது. இறங்கிய பிறகுதான் வெகுநேரம் அசையாமல் நின்றோம். கடைசியில் ஒரு ஜீப் வந்து வழிகாட்டிக் கூட்டிப்போனது. வானத்திலிருந்து இறங்க முடிந்த விமானத்துக்குத் தரையில் ஊர்ந்து போக என்ன பயம்? நம் சென்னையிலும் போகியன்று விமானங்கள் தடைப்படுகின்றனவே, அன்று காலை டிக்கெட் எடுக்கலாமா?
– வாசகர், வள்ளூர்

பதில்: அன்று உங்கள் விமானத்தை இறக்கியது பெரும்பாலும் கருவிகளாகத்தான் இருக்கும். ஓடுபாதையின் அருகிலிருந்து வரும் ரேடியோ கற்றைகளைப் பிடித்துக்கொண்டு, விமானி வெளியே பார்க்காமலே தானியங்கிக் கருவி தரையில் சக்கரம் பதிக்கும். டெல்லி போன்ற விமான நிலையங்களில் அதற்கான ஏற்பாடு இருக்கிறது. அதற்கென்று பயிற்சி பெற்ற விமானிகளும் இருக்கிறார்கள். ஆனால் ஓடுபாதையை விட்டு விலகியதும் அந்தத் துணை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நிறுத்துமிடம் வரை விமானி தன் கண்ணை நம்பித்தான் திருப்பி ஓட்ட வேண்டும். பனிமூட்டத்தில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். தரைக்கு வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பயணிகள் நினைப்பது இயல்பு, ஆனால் சரியல்ல.

வேகம் குறைவுதானே என்று கேட்பீர்கள். உங்கள் விமானத்தின் வேகம் குறைவுதான். ஆனால் வழி தவறி ஓடுபாதைக்குள் நுழைந்துவிட்டால், அங்கே எழும்பப் போகிறவர் மணிக்கு 260 கிலோமீட்டரில் வருவார். முன்னால் 300 மீட்டர்தான் தெரிகிறது என்றால், அந்தத் தூரத்தை அவர் நான்கு நொடியில் கடந்துவிடுவார். பிரேக்கும் திருப்பமும் அந்த நான்கு நொடிக்குள் அடங்காது. பனியில் ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடப்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே உங்கள் வண்டி மெதுவாகப் போவதால் என்ன பயன்?

1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் நடந்தது அப்படித்தான். ஓடுபாதையிலேயே ஊர்ந்துகொண்டிருந்த ஒரு ஜம்போ விமானத்தின் மீது, எழும்ப ஓடிவந்த இன்னொரு ஜம்போ மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனியில் இரண்டு விமானங்களுமே கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தெரியவில்லை. தரையைக் காட்டும் ரேடாரும் அங்கே கிடையாது.

மிலன் நகரத்து லினாத்தே விமான நிலைய விபத்துதான் என்னை இன்னும் அதிகமாக உறுத்துகிறது. 2001 அக்டோபர் 8. ஒரு சிறிய செஸ்னா விமானம் ஆர்-5 பாதையில் போக வேண்டியது, ஆர்-6இல் திரும்பிவிட்டது. தான் எஸ்-4 என்ற குறியை நெருங்குவதாக விமானி ரேடியோவில் சொன்னார். அப்படி ஒரு குறி தரையில் இருப்பதே கோபுரத்தில் இருந்தவருக்குத் தெரியாது. விமானம் சரியான பாதையில்தான் இருக்கிறது என்று எண்ணித் தொடர்ந்து போகச் சொல்லிவிட்டார். பழைய தரை ரேடார் நிறுத்தப்பட்டு, புதியது இன்னும் வேலைக்கு வராத காலம் அது. செஸ்னா நேரே ஓடுபாதைக்குள் நுழைய, எழும்பிக்கொண்டிருந்த பெரிய விமானம் அதன் மீது மோதியது. 118 பேர் போனார்கள். அவர்களில் நால்வர், அந்தப் பெரிய விமானம் போய் மோதிய, பயணிகளின் பெட்டிகளைக் கையாளும் கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.

நமக்குப் பக்கத்திலும் பாடம் உண்டு. 2017 செப்டம்பர் 5 விடியலுக்கு முன், கொச்சியில் கனமழை. அபுதாபியிலிருந்து 102 பயணிகளோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் நல்லபடியாக இறங்கி, நிறுத்துமிடத்துக்குப் போகும்போது திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்னதாகவே திரும்பி மழைநீர்க் கால்வாயில் முன்சக்கரத்தை இறக்கிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

இப்படிப்பட்ட விபத்துகளைத் தடுக்கத்தான் தரையில் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. பாதையின் நடுவே பச்சை விளக்கு, ஓரத்தில் நீலம், ஓடுபாதைக்குள் நுழையுமிடத்தில் குறுக்கே சிவப்பு வரிசை. கோபுரம் போகச் சொன்னாலும் சிவப்பு எரிந்துகொண்டிருந்தால் விமானி தாண்டக் கூடாது. திருப்பிக் கேட்க வேண்டும். பார்வைத்தூரம் குறையும்போது தரையில் ஒரே நேரத்தில் நகரும் விமானங்களின் எண்ணிக்கையையும் குறைத்துவிடுவார்கள். உங்கள் விமானம் காத்திருந்தது அந்த வரிசையில்தான் என்று நினைக்கிறேன். வழிகாட்டி ஜீப் வந்தது விமானம் வழி தவறாமல் இருக்கவே. ஓட்டுநர் அந்தத் தரையை அங்குலம் அங்குலமாக அறிந்தவர், வெளியூர் விமானிக்கு அந்த அறிவு இருக்காது.

சென்னைக்கு வருவோம். மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. தவறான திருப்பத்துக்கு இடம் கொடுக்கக் கூடாத அமைப்பு அது. மார்கழியின் கடைசி நாளான போகி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள சூடான காற்று மூடிபோல் அமர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஊரெல்லாம் பழைய பாயும் டயரும் எரிகிறது. புகைத் துகள்கள் பனித்துளி உருவாகக் கருவாகின்றன. 2018 ஜனவரி 13 போகியன்று இதனால் பல விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிடப்பட்டன. டெல்லியின் பனிக்காலம் வாரக்கணக்கில் நீளும். அங்கே செலவழித்துக் கருவி வைப்பதில் நியாயம் இருக்கிறது. நம் சிக்கலில் பெரும்பகுதி ஒரே காலையில், நாமே மூட்டும் தீயால் வருவது. டயர் எரிப்பதை விட்டாலே பாதி தீரும். உங்கள் தெருப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

டிக்கெட் விஷயத்தில், போகியன்று அதிகாலை விமானம் வேண்டாம். வெயில் ஏறினால் தரை சூடாகி மூட்டம் கலைந்துவிடும். ஆனால் காலையில் தேங்கிய விமானங்கள் ஒவ்வொன்றாக நகர நேரம் பிடிக்கும். ஆகவே பிற்பகல் விமானமாகப் பாருங்கள். அன்று காலையிலேயே ஊர் சேர்ந்தாக வேண்டும் என்றால் முந்தின நாளே கிளம்பிவிடுவது நல்லது. எந்த நாளானாலும், இறங்கிவிட்டோமே என்று எழுந்து பையை எடுக்காதீர்கள். விமானம் நிறுத்துமிடத்தில் நின்று, பெல்ட் விளக்கு அணையும் வரை உட்கார்ந்தே இருங்கள்.