யூ.எஸ்.பி. மின்சாரமும் நிலைத்த மின்னழுத்தமும்

அளவுகோல் தானே நீண்டும் குறுகியும் வருமாயின், அதுகொண்டு அளந்த நீளத்தை எங்ஙனம் நம்புவது? இலக்கியம் பயிலும் எனக்கு இவ்வினா ஒரு நூலறையில் எழுந்தது.

எம் துறையின் பழைய அச்சுநூல்கள் அடுக்கப்பட்டுள்ள சிற்றறையின் வெப்பத்தை இருவாரம் குறித்துவைக்க விரும்பினேன். பௌதிகம் பயிலும் விடுதி நண்பர் ஒருவர், ஆர்டுவினோ யூனோ என்னும் சிறு கணிப்பலகையோடு எல்.எம். 35 என்னும் வெப்ப உணரியை இணைத்து ஒரு கருவி அமைத்துத் தந்தார். கைப்பேசிக்கு மின்னேற்றும் யூ.எஸ்.பி. வழங்கி ஒன்று அதற்கு மின்சாரம் அளித்தது. நாள்தோறும் மாலை 6 மணிக்குமேல் அறையின் வெப்பம் 2 டிகிரிக்கு அதிகமாக ஏறியதாகக் கருவி காட்டிற்று. நூல்களை வேறிடத்துக்கு மாற்றவேண்டுமென்று விண்ணப்பமும் எழுதிவிட்டேன். அதனைக் கொடுக்கவிருந்த நாளுக்கு முந்திய மாலையில், சுவரில் தொங்கிய சாதாரண வெப்பமானியை நண்பர் தற்செயலாக நோக்கினார். அது 30 டிகிரியிலேயே நின்றது. நான் ஏற்றிவைத்த மேசைவிளக்கை அணைத்ததும் கருவியும் 30-க்கு இறங்கிற்று. விளக்கும் கருவியும் ஒரே கம்பியின் முனையிலுள்ள ஹப்பினின்று மின்சாரம் பெற்றன. பிழையின் வேர் அங்கேதான் இருந்தது.

யூ.எஸ்.பி. என்றால் 5 வோல்ட் என்று நாம் எண்ணுகிறோம். அது பெயரளவே. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த யூ.எஸ்.பி. 2.0 விதியின்படி, முழுத்திறன் வாயிலில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்கலாம். திறன் குறைந்த ஹப்பின் வாயிலில் 4.40 வரை தாழலாம். பிந்திய விதிகள் மேல் எல்லையை 5.5 வோல்ட்டாக உயர்த்தின. ஆகவே விதி வரையறுத்தது ஓர் எண்ணை அன்று, ஓர் இடைவெளியையே என்பது தெளிவு.

இனி, கம்பியின் செயலைக் காண்போம். மெல்லிய கம்பிகளில் வழங்கும் 28 கேஜ் செம்பிழைக்கு மீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 0.21 ஓம் மின்தடை உண்டு. எம் கம்பி 2 மீட்டர், மின்சாரம் போகவும் மீளவும் வேண்டுதலின் இழையின் நீளம் 4 மீட்டர், தடை 0.84 ஓம். விளக்கு 0.5 ஆம்பியர் இழுத்தபோது 0.42 வோல்ட் கம்பியிலேயே கழிந்தது. பலகையின் 5 வோல்ட் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம்: விளக்கு எரியாதபோது 5.0, எரிந்தபோது 4.6.

மின்னழுத்தம் குறைய, வெப்பம் ஏறியதாகக் காட்டுவானேன்? உணரி டிகிரிக்கு 0.01 வோல்ட் வீதம், 30 டிகிரிக்கு 0.30 வோல்ட் தரும். யூனோ தன் மின்வழங்கலையே அளவுகோலாகக் கொண்டு, அதனை 1024 பங்காக்கி, உணரி தருவது எத்தனை பங்கு என எண்ணுகிறது. அளவுகோல் 5-லிருந்து 4.6-க்குச் சுருங்க, பங்குகளின் எண்ணிக்கை பெருகிற்று. நிரலோ அது 5 என்றே கருதிக் கணக்கிட்டது. 30-ஐ 5-ஆற் பெருக்கி 4.6-ஆல் வகுப்பின் 32.6 வரும். இல்லாத வெப்பம் இவ்வாறே பிறந்தது.

இதற்கு மருந்து மின்னழுத்தச் சீராக்கி. ஏரியின் நீர்மட்டம் ஏறினும் இறங்கினும், வாய்க்காலில் ஒரே அளவு நீர் ஓடும்படி நீர்க்கட்டி மதகின் பலகையைத் தூக்கியும் தாழ்த்தியும் காப்பதை ஒக்கும் அதன் தொழில். வெளிவரும் மின்னழுத்தத்தைத் தன்னுள் இருக்கும் மாறாத ஒப்பீட்டளவோடு இடையறாது ஒப்பிட்டு, வழியை விரித்தும் சுருக்கியும் சரிசெய்கிறது. ஆனால் ஏரிமட்டம் வாய்க்கால் மட்டத்திற்குத் தாழ்ந்தால் நீர்க்கட்டி என் செய்வான்? உள்வருவது வெளிவருவதினும் குறிப்பிட்ட அளவேனும் மிகுந்திருத்தல் வேண்டும். 7805 என்னும் பழைய சீராக்கிக்கு அம்மிகை ஏறக்குறைய 2 வோல்ட், ஆதலின் யூ.எஸ்.பி.யிலிருந்து 5 வோல்ட் பெற அது உதவாது. ஏ.எம்.எஸ். 1117 முழுச்சுமையில் 1.3 வோல்ட் வரை வேண்டும், 4.6-லிருந்து 3.3 பெறுவது அதற்கு விளிம்பில் நடப்பதாகும். மிகக் குறைந்த மிகையே வேண்டும் சீராக்கிகளும் உள. அவற்றைத் தேர்தல் நன்று. சீராக்கியின் இருபுறமும் அதன் விவரத்தாள் கூறும் மின்தேக்கிகளை அருகிலேயே இணைக்கவேண்டும், எனினும் யூ.எஸ்.பி. பக்கத்தில் 10 மைக்ரோபாரடுக்கு மேற்படலாகாது என்பது விதி.

யூனோ பலகையிலேயே 3.3 வோல்ட் சீராக்கி ஒன்று உளது. அதன் முனையை ஒப்பீட்டு முனையாகிய ஏரெஃபுடன் இணைத்தோம். நிரலில் 5-க்குப் பதிலாக 3.3 என எழுதினோம். வெளி ஒப்பீட்டைக் கொள்க என்னும் கட்டளையை நிரலில் முன்னதாகவே எழுதி ஏற்றியபின்னரே அம்முனையை இணைத்தல் வேண்டும். இன்றேல் பலகை பழுதாகலாம். அதன்பின் விளக்கை ஏற்றினும் அணைப்பினும் கருவி அசையவில்லை.

திட்டமான 5 வோல்ட்டே வேண்டுவோர்க்கு இருவழி உண்டு. ஒன்று, ஏற்றவும் இறக்கவும் வல்ல மாற்றியைப் பயன்படுத்துதல். அதன் திறன் 80 விழுக்காடாயின், 5 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் பெற, 4.6 வோல்ட்டில் ஏறக்குறைய 0.41 ஆம்பியர் செலுத்தவேண்டும், கணினியின் யூ.எஸ்.பி. 2.0 வாயில் தரும் 0.5 ஆம்பியர் எல்லையை மறவற்க. மற்றொன்று, பவர் டெலிவரி வசதியுள்ள வழங்கியிடம் 9 வோல்ட் கேட்டுப் பெற்று, அதனை 5-ஆக இறக்குதல்.

விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். பாடல் ஒன்றில் பொருள் முரணும்போது, புலவரைக் குறைகூறுமுன் படியெடுத்தோர் பிழையோ என ஆராய்க என்று எம் வகுப்பில் கற்பிக்கின்றனர். அறையைக் குறைகூறுமுன் அளவுகோலை ஆராயாது போனேன். கருவியோடு பழகும் நண்பர்களே, வியப்பான முடிவு ஒன்று கிட்டின், முதற்கண் மின்வழங்கலில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.