தடுப்பு மருந்தும் மக்கள் நம்பிக்கையும்

நோயை ஒழிக்க மருந்து மட்டும் போதாது. மக்களின் நம்பிக்கையும் வேண்டும். இளம்பிள்ளை வாத ஒழிப்பு இயக்கம் இதற்குத் தக்க சான்றாகும்.

1995-ல் பல்ஸ் போலியோ இயக்கம் தொடங்கியது. 2001-ல் 268 ஆகக் குறைந்திருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2002-ல் 1,600 ஆக உயர்ந்தது. இவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசக் குழந்தைகள். சொட்டு மருந்துச் சுற்றுகள் குறைக்கப்பட்டது ஒரு காரணம். மருந்து மலட்டுத்தன்மை உண்டாக்கும் என்ற வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் மறுத்தது மற்றொரு காரணம்.

வடிகாலும் மருத்துவ வசதியும் எட்டாத குடியிருப்புகளுக்குச் சொட்டு மருந்து மட்டும் மீண்டும் மீண்டும் வந்தது ஐயத்தை வளர்த்தது. வயிற்றுப்போக்கு மலிந்த அப்பகுதிகளில் மருந்தின் பலனும் குறைந்தது. பலமுறை சொட்டு மருந்து பெற்ற குழந்தைகள் சிலருக்கும் நோய் கண்டபோது ஐயம் வலுத்தது.

அந்தந்தப் பகுதிப் பெண்களே வீடுதோறும் சென்று விளக்கினர். சமயத் தலைவர்களும் துணை நின்றனர். 2009-ல் உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களின் 107 வட்டாரங்களில் துப்புரவு, வயிற்றுப்போக்குத் தடுப்பு ஆகியவையும் இயக்கத்துடன் இணைக்கப்பட்டன. 2010-ல் மேம்பட்ட இருவகை மருந்து வந்தது. இயற்கைப் போலியோ வைரசால் ஏற்பட்ட இறுதி நோய் 2011 ஜனவரி 13-ல் ஹவுரா மாவட்டத்தில் கண்டது.

தடுப்பு மருந்தின் பயன் அதைப் பெறுபவரோடு நிற்பதில்லை. மறுப்பின் இழப்பை அண்டை வீட்டுக் குழந்தையும் சுமக்கிறது. ஆயினும் மறுப்போரைப் பழிப்பதால் பயனில்லை. அம்மறுப்பு, அரசின் பிற சேவைகள் குறித்த மக்களின் மதிப்பீடுமாகும். அதைச் செவிமடுப்பதும் நிர்வாகத்தின் கடமையே.