அனுப்பிய மடல் ஏன் திரும்பியது? மின்னஞ்சல் வரம்பை அறிவோம்

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்குப் பதிவு செய்ய நாளை கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த 180 பள்ளிகளுக்கு, தேர்வுப் பொறுப்பாளரான ஆசிரியர் ஒருவர் தம் ஜிமெயில் கணக்கிலிருந்து பள்ளிக்கு ஒரு மடலாகச் சுற்றறிக்கை அனுப்புகிறார். அதில் ஒரு பிழை. திருத்தி மீண்டும் அனுப்புகிறார். மாலையில் படிவம் மாறுகிறது. மூன்றாம் முறையும் அனுப்புகிறார். அப்போதுதான் மடல்கள் திரும்பத் தொடங்குகின்றன.

கணக்கு எளிது. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பெறுநர்களுக்கு மட்டுமே அனுப்ப முடியும். 180 × 3 = 540. கடைசி 40 பள்ளிகளுக்குச் சரியான படிவம் போய்ச் சேராது. பட்டியல் அகர வரிசையில் இருந்தால் அரியலூரும் ஆண்டிமடமும் எப்போதும் முதலில் பெறும். வேப்பந்தட்டையும் வேப்பூரும் பட்டியலின் அடியில் நிற்கும். இத்தேர்வில் தேர்வாகும் மாணவருக்கு 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஒரு மடல் சேராமல் போனால், ஒரு குழந்தை 48,000 ரூபாய்க்கான வாய்ப்பை இழக்கலாம்.

வரம்பு எதற்கு?

அரியலூரின் சுண்ணாம்புக்கல் லாரிகளை நாம் அறிவோம். ஒரு லாரி அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் கெடுவது எல்லோருக்கும் பொதுவான சாலை. மின்னஞ்சல் வழங்கியும் அப்படித்தான். ஒரு கணக்கிலிருந்து தேவையற்ற மடல்கள் வெள்ளமாகப் போனால், பிற வழங்கிகள் அந்த வழங்கியையே சந்தேகிக்கும். அதைப் பயன்படுத்தும் அனைவரின் மடல்களும் தடைபடும். அதனால்தான் இந்த எடைமேடை.

இங்கு எண்ணப்படுவது மடல்கள் அல்ல, பெறுநர்கள். ‘பெறுநர்’, ‘நகல்’, ‘மறைநகல்’ என எந்தக் கட்டத்தில் இட்டாலும் ஒவ்வொரு முகவரியும் ஒன்றாகவே எண்ணப்படும்.

திரும்பிய மடலைப் படியுங்கள்

பெரும்பாலோர் அதைப் படிக்காமலே நீக்கிவிடுகிறோம். காரணம் அதில்தான் இருக்கிறது.

• 550 5.4.5 – நம் கணக்கின் அன்றைய வரம்பு முடிந்தது.
• 452 4.2.2 – பெறுபவரின் அஞ்சல் பெட்டி நிரம்பியுள்ளது.
• 550 5.1.1 – அப்படி ஒரு முகவரியே இல்லை.

முதல் இலக்கம் 5 எனில் மறுப்பு உறுதி. 4 எனில் தற்காலிகத் தடை. வழங்கி மடலை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற வழங்கி மென்பொருள் 5 நாள் வரைகூட முயலும். அதற்குள் கடைசி நாள் கடந்துவிடும். எனவே மடல் திரும்பி வராததை மட்டும் வைத்து, அது சேர்ந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

என்ன செய்யலாம்?

1. உடனே மீண்டும் மீண்டும் அனுப்பாதீர்கள். ஜிமெயிலில் 1 முதல் 24 மணி நேரத்திற்குள் தடை நீங்கும்.

2. நீங்கள் அதிகம் அனுப்பாமலேயே வரம்பு முடிந்ததாகச் செய்தி வந்தால், ‘அனுப்பியவை’ பகுதியைப் பாருங்கள். அறியாத மடல்கள் இருந்தால் கணக்கு பிறர் கையில் சிக்கியிருக்கலாம். கடவுச்சொல்லை மாற்றுங்கள், இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள், உங்களுக்குத் தெரியாமல் வேறு முகவரிக்கு மடல்கள் திருப்பிவிடப்படுகின்றனவா என்றும் பாருங்கள்.

3. தவறான முகவரிகளைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். தலைமையாசிரியர் மாறினாலும் மாறாத பள்ளி முகவரியையே வைத்திருங்கள்.

4. குறுவள மையங்கள் வழியாக அனுப்புங்கள். 15 மையங்களுக்கு மூன்று முறை அனுப்பினாலும் 45 பெறுநர்கள்தான். மையத்திலிருந்து அந்தந்தப் பள்ளிகளுக்குச் செல்லும்.

5. கடைசி நாள் உள்ள செய்தி எனில், ‘கிடைத்தது’ என்ற பதிலைக் கேளுங்கள். பதில் வராத பள்ளிக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

6. நிறுவனத்தின் சொந்த வழங்கி எனில், மணிக்கு எத்தனை, நாளுக்கு எத்தனை என்ற வரம்பை அதன் நிர்வாகியிடம் முன்பே கேட்டறியுங்கள். வரம்பை உயர்த்தக் கேட்பதற்கு முன், வரிசையில் தேங்கியிருப்பவை நம் மடல்கள்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வகுப்பறையில்

8ஆம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் இதையே கேட்கலாம்: ‘நாள் வரம்பு 500. பள்ளிகள் 180. ஒரே நாளில் எத்தனை சுற்றறிக்கைகளை எல்லாப் பள்ளிகளுக்கும் முழுமையாக அனுப்பலாம்? மூன்றாவதை அனுப்பினால் எத்தனை பள்ளிகள் விடுபடும்? பட்டியலைத் தலைகீழாக மாற்றினால் விடுபடுபவர் யார்?’ கடைசிக் கேள்விக்கு விடை தேடும்போது, வகுத்தலும் மீதியும் தாண்டி, வரிசையில் கடைசியில் நிற்பவரைப் பற்றியும் மாணவர்கள் பேசுவார்கள்.

அடுத்த சுற்றறிக்கையை அனுப்பும் முன் ஒருமுறை பிழை பார்ப்போம். திருத்தம் ஒன்று குறைந்தால் 180 மடல்கள் மிச்சம்.