பச்சை ஹைட்ரேஞ்சியா: மலைக்கு ஒரு பூ, கரைக்கு ஒரு பூ

"மேல தோட்டத்துல அம்புட்டுப் பூத்த செடி, திருகோணமலையில மட்டும் ஏன் பூக்க மாட்டேங்குது?" 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வடக்கு கிழக்குக்கு வந்த நம்மவர் பலர். அவர்களில் துறைமுகப் பக்கம் குடியிருப்போருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பச்சைப் பூ ஹைட்ரேஞ்சியாவைச் சட்டியோடு வாங்க ஆசைப்படுகிறவர்கள், காசைக் கொடுக்குமுன் இந்தப் பாடத்தைப் படித்துவிடுங்கள்.

பச்சை எப்படி வருகிறது?

இந்தக் கொத்தில் நாம் இதழ் என்று நினைப்பது இதழ் அல்ல, புல்லி. சாதாரணப் பூவில் மொட்டை மூடியிருக்கும் பச்சை உறை இருக்கிறதே, அதுதான் இங்கே அகன்று நிறம் பெற்று நிற்கிறது. பூ முதிர முதிர நிறம் மங்கி, பச்சை திரும்பி வரும். துரை பங்களாவில் நாம் பார்த்த பச்சைக் கொத்துகளில் பல, முதிர்ந்த நீலப் பூக்களே. 'அனபெல்' என்ற இனம் பச்சையாக விரிந்து, வெள்ளையாகி, மறுபடி பச்சையாகும். உரம் போட்டோ மருந்து ஊற்றியோ எந்தச் செடியையும் பச்சையாகப் பூக்க வைக்க முடியாது.

நீலம், ரோசா நிறங்கள் மண்ணைப் பொறுத்தவை. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் பூ நீலமாகும். தேயிலைக்கு ஏற்ற மண்ணும் அதே புளிப்பு மண்தான். சுண்ணாம்பு கூடினால் ரோசா நிறம் வரும்.

ஒரு எச்சரிக்கை. வழக்கமாக நீலமாகப் பூத்த செடி, தொடக்கத்திலேயே சிறுத்த பச்சைப் பூ விட்டு, பூவுக்குள்ளிருந்து இலையும் துளிர்த்தால் அது நோயாக இருக்கலாம். தத்துப்பூச்சிகள் பரப்பும் இந்த நோய்க்கு மருந்தில்லை. செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். அதில் தண்டு வெட்டி நடவே கூடாது.

மலையில் வளர்ப்போருக்கு

1. பூக்காத இளந்தண்டில் 5 அங்குலம் வெட்டி, அடியிலைகளை நீக்கி, தவறணையில் செய்வதுபோல் நிழலில் மணல் கலந்த மண்ணில் நடுங்கள்.
2. காலை வெயிலும் மதிய நிழலும் வேண்டும். ஈரம் காயவும் கூடாது, தண்ணி தேங்கவும் கூடாது.
3. தேயிலைக்குப் போல மொட்டையாகக் கவ்வாத்து அடிக்க வேண்டாம். அடுத்த பூவின் மொட்டு பழைய தண்டில்தான் உருவாகும். வாடிய கொத்தை மட்டும் நீக்குங்கள்.
4. பச்சையாக முதிர்ந்த கொத்தை வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால், காய்ந்து பல மாதம் இருக்கும்.
5. இலையும் மொட்டும் நஞ்சு. ஆடு மாடு, பிள்ளைகள் வாய் வைக்காமல் பாருங்கள்.

கரையில் ஏன் பூப்பதில்லை?

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம்; திருகோணமலை கடல் மட்டம். மலையில் நாம் வளர்க்கும் ஹைட்ரேஞ்சியா மொட்டு வைக்க, ஏறக்குறைய ஆறு வாரமாவது 18 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் வேண்டும். இங்கே மார்கழி, தை இரவிலும் அந்தக் குளிர் கிடையாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இலையே கருகும். பூவோடு வாங்கிய சட்டிச் செடி அந்த ஒரு தரம் அழகு காட்டும். பிறகு இலை மட்டுந்தான். தவறு உங்கள் கையில் இல்லை, காலநிலையில் இருக்கிறது.

அப்படியானால் எதை நடலாம்?

பச்சைப் பூதான் வேண்டுமென்றால் மனோரஞ்சிதம் இருக்கிறது. பச்சையாகப் பூத்து, பழுக்கப் பழுக்க மஞ்சளாகி, பழ வாசனை வீசும். இலைக்குள் ஒளிந்திருக்கும் பூவை மூக்குதான் கண்டுபிடிக்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் ஒன்றரை அடிக் குழி வெட்டி, மக்கிய சாணமும் இலைக்குப்பையும் போட்டு நடுங்கள். விதை முளைக்க நாளாகும்; பதியன் கன்று கிடைத்தால் நல்லது. பூக்காம்பின் கொக்கியால் பற்றி ஏறும் கொடியாதலால் பந்தலோ வேலியோ வேண்டும். உப்புக் காற்று நேராக அடிக்காத மூலையாகப் பார்த்து வையுங்கள்.

ஹைட்ரேஞ்சியா போலக் கொத்தாக நிறம் வேண்டுவோர் முசண்டா வைக்கலாம். அதிலும் நிறம் காட்டுவது அகன்ற புல்லியே.

மலையில் இருக்கும் சொந்தங்கள் நீலப் பூவைப் பேணட்டும். கரையில் நாம் மனோரஞ்சிதம் வளர்ப்போம். ஊர் மாறும்போது பழைய செடியைச் சுமந்து வருவதைவிட, புதிய மண்ணைக் கேட்டு நடுவதே காசையும் உழைப்பையும் காக்கும்.